வெற்றிடக் குழல் சோதனை

வெற்றிடக் குழல் சோதனை என்பது பழைய வானொலிப் பெட்டிகளில் உள்ள வெற்றிடக் குழல்களின் (வால்வுகளின்) எஞ்சிய ஆயுளை மதிப்பிடும் முறையாகும். தூத்துக்குடி உள்ளிட்ட தென்தமிழகக் கடலோரத்தில் 1950களில் இலங்கை வானொலியைக் கேட்கப் பயன்பட்ட பெட்டிகள் வால்வு வகையைச் சேர்ந்தவை.

சோதனை முறை

சூடாக்கப்பட்ட எதிர்மின்வாய் எதிர்மின்னிகளை உமிழ்வதால் குழலில் மின்னோட்டம் உண்டாகிறது. பயன்பாட்டில் எதிர்மின்வாயின் பூச்சு தேய்ந்து, உமிழ்வு குறைகிறது. எனினும் இயல்பான மின்னழுத்தத்தில் நல்ல அளவைக் காட்டும் குழலும் ஆயுளின் முடிவை நெருங்கியிருக்கலாம். எனவே சூடேற்றும் இழையின் மின்னழுத்தம் ஏறத்தாழ 10 விழுக்காடு குறைக்கப்படும் (6.3 வோல்ட்டு எனில் சுமார் 5.7 வோல்ட்டு). அப்போது மின்னோட்டம் சிறிதே குறைந்தால் ஆயுள் மீதமுள்ளது. வெகுவாகச் சரிந்தால் குழல் விரைவில் செயலிழக்கும்.

கடலோர உப்புக் காற்றால் குழலின் ஊசிகளில் களிம்பேறினால் அளவு தவறாகலாம். ஆகவே அவற்றை முதலில் தூய்மைப்படுத்துதல் வேண்டும். கண்ணாடியின் உட்புற வெள்ளிநிறப் பூச்சு வெண்மையாகியிருப்பின் காற்று புகுந்துள்ளது, அக்குழல் பயன்படாது.