வெந்நீர் அண்டாவின் மூடியும் மாடிக் குழாயின் உறையும்



உங்கள் வீட்டுப் பரணிலோ, ஊரில் அம்மா வீட்டுப் பின்கட்டிலோ அடி கருத்த செம்பு அண்டா ஒன்று கிடக்கிறதா? பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடும் முன் அதன் மூடியையும் தேடிப் பாருங்கள். இந்தக் கட்டுரை அந்த மூடியிலிருந்துதான் தொடங்குகிறது.

வெந்நீர் அடுப்பில் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கும்போது அண்டாவைத் திறந்து போட்டால் பாட்டிகள் சத்தம் போடுவார்கள். தூசி விழும், சாம்பல் விழும் என்பது அவர்கள் சொன்ன காரணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பறந்தால் அதோடு போகும் வெப்பம், 15 லிட்டர் பச்சைத் தண்ணீரை ஏறக்குறைய 35 டிகிரி சூடாக்கப் போதுமானது. ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1760களில் இந்த 'உள்ளுறை வெப்பத்தை' அளந்து சொன்னார். திறந்த அண்டாவில் வெப்பம் பக்கச்சுவர் வழியாகப் போவதைவிட மேலே ஆவியாகப் போவதே அதிகம். ஆகவே நம் வீடுகளில் இருந்த முதல் வெப்பக் காப்பு அந்தத் தட்டுதான்.

அண்டாவுக்கு அடுத்து வந்தது பாய்லர். நடுவில் ஒரு குழல் வைத்த செம்புப் பாத்திரம் அது. குழலில் கரியையோ தேங்காய்ச் சிரட்டையையோ போட்டு மூட்டுவார்கள், சுற்றிலும் தண்ணீர் நிற்கும். பக்கத்தில் பித்தளைக் குழாய் இருக்கும், மேலே புனல் வழியாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றலாம். ரஷ்யர்களின் தேநீர்ப் பாத்திரமான சமோவாரும் இதே அமைப்புதான். நெருப்பு தண்ணீருக்கு நடுவில் இருப்பதால் அடுப்பில் வீணாகும் சூட்டில் பெரும்பகுதி இதில் வீணாகாது. உண்மையிலேயே கெட்டிக்காரத்தனமான பொருள். குறை ஒன்றே ஒன்று, வெளிச்சுவர் வெறும் செம்பு. வெப்பத்தைக் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்த இடம் செம்புக்கு. ஐந்து மணிக்கு மூட்டியதை ஏழு மணிக்குள் எல்லோரும் குளித்து முடித்துவிட வேண்டும். கடைசியில் போகிறவருக்கு வெதுவெதுப்பு கிடைத்தால் பெரிது.

இத்தனைக்கும் விறகு எங்கிருந்து வந்தது என்று நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் பழையவர்களைக் கேட்டால், ஒரு காலத்தில் அண்ணாமலை வெறும் பாறையும் புல்லுமாக நின்றதைச் சொல்வார்கள். விறகு வெட்டும், ஆடுமாடு மேய்ச்சலும், கோடையில் பற்றும் தீயும் சேர்ந்து மலையை மொட்டையடித்திருந்தன. 1980களின் பிற்பகுதியில் தொடங்கிய மரநடவு வேலைதான் இன்று கிரிவலப் பாதையிலிருந்து நீங்கள் பார்க்கும் பச்சைக்கு ஒரு முக்கியக் காரணம். வெந்நீர் அடுப்பை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. சோறு பொங்கவும் நெல் அவிக்கவும் அதே விறகுதான் போனது. ஆனாலும் சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாத ஒவ்வொரு பாத்திரமும் கூடுதலாக ஒரு கட்டு விறகு கேட்டது என்பதும் உண்மை.

சூட்டைப் பிடித்து வைப்பது நம்மவர்களுக்குத் தெரியாததல்ல. குளிர் நாளில் தயிர் உறையாவிட்டால் பாத்திரத்தை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார்கள். மாவு புளிக்காவிட்டால் கம்பளியைச் சுற்றினார்கள். அரிசிக்கும் கம்பளிக்கும் பொதுவாக இருப்பது இடுக்கில் அகப்பட்ட காற்று. இதைச் சோதனை செய்து எழுதியவர் கவுண்ட் ரம்ஃபோர்டு. அமெரிக்காவில் பிறந்து, பவேரியாவில் படைவீரர்களின் உடைக்குப் பொறுப்பேற்ற இவர், எந்தத் துணி எவ்வளவு நேரம் சூட்டைக் காக்கும் என்று ஒவ்வொன்றாக அளந்தார். கம்பளி தானாகச் சூடு தருவதில்லை, அதன் இழைகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது என்று கண்டார். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்லி பதக்கம் கொடுத்தது. அதற்கு நூறு ஆண்டு கழித்து, 1892-ல், ஜேம்ஸ் டூவர் இன்னும் ஒரு படி போய்க் காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டு, இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் வைத்த குடுவையைச் செய்தார். ஆஸ்பத்திரிக்குக் காபி எடுத்துப் போகிறோமே, அந்தப் பிளாஸ்க்தான். டூவர் அதற்குக் காப்புரிமை வாங்காமல் விட்டார். ஜெர்மனியில் வேறொருவர் வாங்கிக்கொண்டார், 'தெர்மாஸ்' என்ற பெயரும் அங்கேதான் பிறந்தது.

கீசருக்கு வருவோம். இந்தப் பெயர் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. அங்கே தரையிலிருந்து பீறிட்டு அடிக்கும் ஒரு வெந்நீர் ஊற்றின் பெயர் கெய்சிர். 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் கேஸ் எரித்துக் குளியல் நீர் சூடாக்கும் கருவி செய்து அதற்கு 'கீசர்' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, அங்கே அது வாட்டர் ஹீட்டர். நமக்கு வெள்ளைக்காரர் வழியாக வந்த பெயர் ஒட்டிக்கொண்டது. மாகனின் கருவியில் நீர் சேமிப்பு கிடையாது. தொட்டியில் சேர்த்துத் தானாகச் சூடேற்றி வைக்கும் ஹீட்டரை 1889-ல் பிட்ஸ்பர்கில் எட்வின் ரூட் உருவாக்கினார். சேர்த்து வைக்க ஆரம்பித்த அன்றே, சும்மா நிற்கும் நீர் ஆறிப்போகும் பிரச்சினையும் ஆரம்பித்தது.

இந்தப் பிரச்சினையை மிக அழகாகத் தீர்த்தது ஒரு சூரிய ஹீட்டர் என்பது பலருக்குத் தெரியாது. 1891-ல் பால்டிமோரில் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் தண்ணீர்த் தொட்டிகளை வைத்து 'கிளைமாக்ஸ்' என்ற பெயரில் விற்றார். மாலையில் நல்ல சூடு இருக்கும். வெயில் வாங்கிய அதே கண்ணாடி வழியாக இரவெல்லாம் சூடு வெளியே போய்விடும், விடிந்தால் பச்சைத் தண்ணீர். 1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி இரண்டையும் பிரித்தார். வெயில் வாங்கும் தகடு தனி, அதற்கு மேலே வெப்பக் காப்பு போர்த்திய தொட்டி தனி. சூடான நீர் இலேசாவதால் பம்பு இல்லாமலே மேலே ஏறித் தொட்டியில் சேர்ந்துவிடும். அவர் வைத்த பெயர் 'டே அண்ட் நைட்'. வெயில் பகலுக்கு, காப்பு இரவுக்கு. காலை ஐந்து மணிக்கு வெந்நீர் கிடைத்ததும் கெம்பின் ஹீட்டருக்குச் சந்தையில் வேலை இல்லாமல் போனது. நம் மொட்டை மாடியில் நிற்பது பெய்லியின் அதே அமைப்புதான். அதிலுள்ள கண்ணாடிக் குழல்கள் மட்டும் டூவரின் பிளாஸ்க்கைப் போல வெற்றிடம் வைத்தவை.

பிறகு மின்சாரமும் எண்ணெயும் கேஸும் மலிவாகக் கிடைத்த காலத்தில் யாரும் காப்பைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, சில மாதங்களில் விலை நான்கு மடங்கானதும் எல்லோருக்கும் விழிப்பு வந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெந்நீர்த் தொட்டிக்குப் போர்வை சுற்றுவது பெரிய இயக்கமாகவே நடந்தது. கண்ணாடிப் பஞ்சு வைத்துத் தைத்த உறையைக் கடையில் வாங்கி, வீட்டுக்காரரே கட்டிக்கொள்வார். 1987-ல் அமெரிக்காவில் சட்டமே வந்தது. இதற்கிடையில் கண்ணாடிப் பஞ்சின் இடத்துக்குப் பாலியூரித்தேன் நுரை வந்துவிட்டது. நம் மெக்கானிக்குகள் 'பஃப்' என்று சொல்வது அதைத்தான். நுரையை ஊத வைக்கும் வாயு ஓசோனைத் தின்பது என்று தெரிந்து, அதை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது தனிக் கதை. இரண்டாவது வாயுவை இந்தியா 2020 ஜனவரி 1 முதல் நுரைத் தயாரிப்பில் நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டில் நமக்குக் காப்பின் அருமையைக் கற்றுக்கொடுத்தது எண்ணெய் விலை அல்ல, மின்வெட்டு. 2012 நினைவிருக்கிறதா? சென்னைக்கு வெளியே இருந்த ஊர்களில் நாளில் பாதி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும், அதுவும் முறையாக அல்ல. வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். ஆனால் 2,000 வாட் இழுக்கும் கீசரை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. அந்த மார்கழியில் பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் தெரிந்தது. இரவு பத்து மணிக்கு வந்த மின்சாரத்தில் சுட்ட நீர் சில வீடுகளில் காலை ஆறு மணிக்கும் கை பொறுக்காத சூட்டில் இருந்தது, சில வீடுகளில் ஆறிப்போயிருந்தது. இரண்டும் 25 லிட்டர் கீசர்தான். உள்ளே இருந்த நுரைதான் வேறு. 2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் அலகு மின்தொகுப்பில் இணைந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு இணைக்கப்பட்டது. அதன் பிறகு நிலைமை சீரானது, பாடமும் மறந்துபோனது.

அந்த வித்தியாசத்தைத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 டிகிரி நீரை 60 டிகிரிக்கு ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். சுற்றி ஓர் அங்குலம் நல்ல நுரை இருந்தால் எட்டு மணி நேரம் கழித்து நீர் 55 டிகிரியில் இருக்கும். வெறும் தகரத் தொட்டியானால் 32-க்கு வந்துவிடும். சுவிட்சை அணைக்காமலே வைத்திருந்தால், நல்ல நுரை உள்ள கீசருக்கும் சும்மா நிற்பதற்கே நாளுக்கு அரை யூனிட் போகும். பழைய கண்ணாடிப் பஞ்சு கீசரில் இது முக்கால் யூனிட்டைத் தாண்டும், பஞ்சு நனைந்திருந்தால் இன்னும் மோசம். இரண்டு மாதத்துக்கு 45 யூனிட் என்பது சின்ன எண் அல்ல. முதல் 100 யூனிட் 2016 மே முதல் இலவசம் என்றாலும், 500-ஐத் தாண்டினால் கட்டண வரிசையே மாறுவது உங்களுக்குத் தெரியும். 490-க்கும் 535-க்கும் நடுவே நிற்கும் வீடுகள் நம் குடியிருப்பில் இருக்கின்றன.

கீசரில் ஒட்டியிருக்கும் நட்சத்திர ஸ்டிக்கர் சொல்வது இதைத்தான். 2002-ல் தொடங்கிய எரிசக்தித் திறன் அமைப்பு, சேமிப்புக் கீசர்களுக்கு நட்சத்திரம் கொடுப்பது எவ்வளவு வேகமாகச் சூடாகிறது என்பதைப் பார்த்து அல்ல. 24 மணி நேரம் சும்மா நிற்கும்போது எத்தனை யூனிட் இழக்கிறது என்பதைப் பார்த்துத்தான். கடைக்காரர் வேறு எதைச் சொன்னாலும் அந்த எண்ணைப் பாருங்கள்.

அப்படியானால் நம் கீசருக்கும் போர்வை சுற்றலாமா? ஐந்து நட்சத்திரக் கீசராக இருந்தால் வேண்டாம், பெரிய லாபம் இல்லை. தொட்டால் வெளிக்கூடு சுடுகிற பழைய கீசரானால் பலன் உண்டு. ஆனால் மின் இணைப்பு மூடியையும், தெர்மோஸ்டாட்டையும், அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் சேஃப்டி வால்வையும் எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது. தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். கேஸ் கீசருக்கு எதையும் சுற்றவே கூடாது, அதற்குக் காற்றோட்டம்தான் உயிர். நம் போர் தண்ணீரின் உப்பு படிந்த கீசருக்குப் போர்வையைவிட முதலில் வேண்டியது சர்வீஸ்.

இனி மாடிக் குழாய். சூரிய ஹீட்டர் தொட்டியில் நல்ல காப்பு இருக்கிறது. அங்கிருந்து கீழே வரும் முக்கால் அங்குலக் குழாய்களில் இருந்த கறுப்பு நுரை உறையில் பாதி வெயிலில் பொடிந்துபோனது, மீதியைக் குரங்குகள் பிய்த்துவிட்டன. போட்டுக்கொடுத்தவர் அதன்மேல் தகடு சுற்றாமல் விட்டார், அப்போது நாமும் கேட்கவில்லை. இந்தக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் நீர் நிற்கும். தரைத்தளத்துக்கு 20 மீட்டர் என்றால் 5 லிட்டர். ஒருவர் குளித்து அரை மணி கழித்து அடுத்தவர் குழாயைத் திறந்தால் அந்த 5 லிட்டரும் ஆறியிருக்கும், சாக்கடைக்குத்தான் போகும்.

உறை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். இரவு முழுதும் குழாயில் நின்ற நீர் உறைக்குள்ளும் ஆறிவிடும், விடியற்காலை முதல் வாளி எப்படியும் பச்சைத் தண்ணீர்தான். ஐந்து மணி முதல் எட்டு மணி வரை ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும் நேரத்தில்தான் உறை வேலை செய்யும். நம் குடியிருப்பில் அநேகமாக எல்லோரும் குளிப்பது அந்த நேரத்தில்தான்.

அடுத்த பொதுக்குழுவில் அலுமினியத் தகடு சுற்றிய உறைக்கான விலைப்புள்ளிகள் வைக்கப்படும். தரைத்தள, முதல் தள வீட்டினர் அதற்கு முன் இரண்டு நாள், முதல் வாளிக்கும் இரண்டாவது ஆள் குளிக்கும்போதும் வெந்நீர் வரும்வரை எத்தனை சொம்பு வீணாகிறது என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள்.