ஈரிதழ் வால்வும் ஒரு விரலும்

நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது மார்பின் கீழ்ப்புறம் ஸ்டெதாஸ்கோப்பை மெல்ல ஒற்றிக் கேட்டால், ‘லப்’ வழக்கத்தைவிட உரக்க ஒலிக்கும். ‘டப்’ முடிந்ததும் தொலைவில் கட்டைவண்டி உருள்வதுபோல் அடங்கிய உறுமல் ஒன்று வரும். இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வு, நம் பாடநூல்கள் சொல்லும் ஈரிதழ் வால்வு, சுருங்கிவிட்டது என்று அர்த்தம். பழுதில்லாத வால்வு 4 முதல் 6 சதுர செ.மீ. வரை திறக்கும். அது 1.5-க்குக் கீழே குறுகினால் ரத்தம் நுரையீரலில் தேங்கும். மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கும். நம் நாட்டில் பல பெண்களுக்கு இந்த நோய் இருப்பது தெரியவருவதே கர்ப்பகாலத்தில்தான். கூடிவரும் ரத்தத்துக்கு அந்தக் குறுகிய வாசல் போதாது.

நோயறிதல் முன்னே, சிகிச்சை பின்னே என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இந்த வால்வின் கதை அப்படி நேராக நடக்கவில்லை.

1816-இல் பாரிஸில் லென்னக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்து மருத்துவர்களின் செவி கூர்மையாகிக்கொண்டே வந்தது. கேட்டார்கள், பெயரிட்டார்கள், அதற்குமேல் கை நீளவில்லை. சுருங்கிய வால்வைக் கத்தியால் திறக்கலாமே என்று 1902-இல் மருத்துவர் லாடர் பிரண்டன் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதியபோது கண்டனமே மிஞ்சியது. பழுது இதயத் தசையில்தான், வால்வில் அல்ல என்பது ஜேம்ஸ் மெக்கன்சி போன்ற மூத்த மருத்துவர்களின் கொள்கை. கொள்கை கையைக் கட்டிப்போட்டது என்றே நான் சொல்வேன்.

1925-இல் லண்டனில் அறுவை மருத்துவர் ஹென்றி சௌட்டர் ஓர் இளம்பெண்ணின் இடது மேலறைக்குள் சுட்டுவிரலை நுழைத்தார். வெட்டக் கத்தி தயாராக இருந்தது. ஆனால் எதிர்பார்த்ததைவிட வால்வு அதிகமாகக் கசிவதை விரல் உணர்த்தியது. கத்தியை விட்டுவிட்டு, விரலாலேயே சற்று விரித்துவிட்டு வெளியே வந்தார். கண்டறிந்ததும் அதே விரல், சிகிச்சை செய்ததும் அதே விரல். அந்தப் பெண் பிழைத்தாள். அப்படியும் இரண்டாவது நோயாளி ஒருவரை அவரிடம் யாரும் அனுப்பவில்லை!

இருபத்துமூன்று ஆண்டுகள் வீணாயின. பிறகு இதே வால்வைத் திறக்க முயன்ற பிலடெல்பியா அறுவை மருத்துவர் சார்லஸ் பெய்லியின் முதல் நான்கு நோயாளிகளும் இறந்தார்கள். 1948 ஜூன் 10 அன்று ஐந்தாமவர் பிழைத்தார்.

வால்வைத் திறக்க முடியும் என்றானதும், யாருக்குத் திறப்பது என்ற கேள்வி பிறந்தது. சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவருக்கு அதுவே தலைவலி. அவருக்கு உதவிய இயற்பியலாளர் ஹெர்ட்ஸ், கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசல் பார்க்கும் கருவியை இரவல் வாங்கிவந்தார். 1953-இல் அந்தக் கருவியில் இதயத்தின் அசைவு தெரிந்தது. இன்று ‘எக்கோ எடுத்துட்டு வாங்க’ என்று மருத்துவர் சாதாரணமாகச் சொல்லும் அந்தச் சோதனை, அறுவை மேசையின் நெருக்கடியில் பிறந்தது.

1980-களில் ஜப்பானிய அறுவை நிபுணர் கஞ்சி இனோவே, தொடைச் சிரை வழியே செலுத்தி விரிக்கும் பலூனை உருவாக்கி, பலருக்கு மார்பைத் திறக்கும் தேவையையே நீக்கிவிட்டார். சௌட்டரின் விரல் செய்ததை இப்போது அந்தப் பலூன் செய்கிறது.

ஆனால் எல்லாம் தொடங்குவது பள்ளிக்கூட வயதில், ஒரு தொண்டைப்புண்ணில். அதையடுத்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் மூட்டுகளை வீங்கவைத்து, சில நாளில் இறங்கிவிடும். வால்வில் விழுந்த தழும்பு மட்டும் தங்கும். காய்ச்சல் மறுபடி தாக்காமலிருக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் விடாமல். இடுப்பில் போடுவார்கள், நன்றாக வலிக்கும்.