கைவைத்தியமும் ஸ்பெஷல் டூலும்

1980-களில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் வைத்திருந்த பலருக்கு ஒரு வித்தை தெரியும். ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிந்தால் உடனே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட வேண்டாம். ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து, டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கனெக்டரில் ஏ, பி என்ற இரண்டு துளைகளில் சொருகி, வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் திருப்பினால் போதும். அந்த விளக்கு கண்சிமிட்டும். முதலில் ஒரு சிமிட்டல், சின்ன இடைவெளி, பிறகு இரண்டு சிமிட்டல். அதாவது 12. கம்ப்யூட்டர் பேசத் தயார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருவதுதான் கோளாறின் எண். 44 என்று வந்தால், எரியும் கலவையில் பெட்ரோல் போதவில்லை.

1996-இல் இந்த வித்தைக்கு முடிவு வந்தது. அது ஏன் என்று பார்க்க இன்னும் பின்னால், ஃபோர்டின் மாடல் டி காலத்துக்குப் போக வேண்டும்.

1908-இல் அறிமுகமாகி 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற கார் அது. வாங்கியவர்களில் ஏராளமானோர் விவசாயிகள். பக்கத்தில் மெக்கானிக் கிடையாது. காரோடு கொஞ்சம் ஸ்பேனர்கள் கொடுப்பார்கள், மிச்சத்தை ஓனரே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெட்ரோல் அளவு காட்டும் முள் இல்லை. சீட்டைத் தூக்கி, டேங்க்கில் ஒரு குச்சியை விட்டுப் பார்ப்பார்கள். பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, பெல்ட் மாட்டி, மரம் அறுத்தார்கள், தண்ணீர் இறைத்தார்கள். பேரிங் போய்விட்டால் இடுப்பு பெல்ட்டின் தோலை வெட்டி வைத்து வீடுவரை ஒப்பேத்திய கதைகளும் உண்டு.

ஆனால் அதே காருக்கு ஸ்பெஷல் டூல்களும் இருந்தன. பஃபலோ நகரத்தில் இருந்த கே.ஆர். வில்சன் கம்பெனி, ஃபோர்டு ஒர்க்‌ஷாப்புகளுக்கென்றே கருவிகள் செய்து விற்றது. விவசாயி ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டும் வேலையை ஒர்க்‌ஷாப்காரர் சில மணி நேரத்தில் முடிப்பார். அந்தக் கருவி மிச்சம் பிடித்தது நேரத்தை. அது இல்லாதவனுக்கு வேலை தாமதமாகும், அவ்வளவுதான். கதவு மூடவில்லை.

இரண்டாவது வகைக் கருவி இயற்பியலிலிருந்து வருகிறது. இன்றைய பெரும்பாலான கார்களில் முன்சக்கரத்துக்கு மேலே ஸ்ட்ரட் என்ற அமைப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு பெரிய சுருள் ஸ்பிரிங் அழுத்தத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதைக் கழற்ற ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். கம்பியையோ கயிற்றையோ கட்டிச் சமாளிக்கப் பார்த்தால், அது அவிழும் நொடியில் ஸ்பிரிங் முகத்தில் பாயும். கையை இழந்தவர்களும் உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள். கைவைத்தியம் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று ரொமான்டிக்காகப் பேசுகிறவர்கள் இந்த ஸ்பிரிங்கைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது வகைதான் சிக்கலானது. ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற நட்சத்திரத் தலை ஸ்க்ரூவை எடுத்துக்கொள்வோம். ஆலையில் இயந்திர ஸ்க்ரூட்ரைவர் வழுக்காமல் நடுவில் உட்காருவதற்காக வந்தது அது. 1967-இல் கேம்கார் நிறுவனம் கொண்டுவந்த ஆறுமுனை டார்க்ஸும் அப்படித்தான், அதிக முறுக்கு விசையைத் தாங்கும். இதுவரை நியாயம். பிற்பாடு அதே டார்க்ஸின் நடுவில் ஒரு சின்ன குமிழ் முளைத்தது. சாதாரண டார்க்ஸ் டூல் உள்ளே போகாது. அந்தக் குமிழ் ஸ்க்ரூவுக்கு எந்த பலமும் தருவதில்லை. ‘நீ திறக்காதே’ என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை.

இப்போது 1996-க்கு வருவோம். கலிஃபோர்னியாவின் புகைமூட்டத்தைக் குறைக்கும் முயற்சியில் பிறந்தது ஓபிடி விதி. காரே தன் புகைக் கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லா கார்களுக்கும் ஒரே 16 முனை கனெக்டர், பொதுவான கோளாறுகளுக்கு ஒரே எண்கள் என்று ஆனது. பேப்பர் கிளிப்புக்கு வேலை போய்விட்டது, ஸ்கேனர் தேவைப்பட்டது. ஆனால் கம்பெனிக்கு ஒரு ரகசிய மொழி என்ற நிலையும் சேர்ந்தே போனது. சில வருஷங்களில் மலிவான ஸ்கேனர்கள் வந்து, இன்று செல்போனிலேயே கோட் படிக்கலாம். ஸ்பெஷல் டூல் கட்டாயமானது, ஆனால் அதை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். வரலாற்றில் அபூர்வமாக நடந்த நல்ல பேரம் இது.

அந்த பேரம் புகை சம்பந்தமான தகவலோடு நின்றுவிட்டது. மற்ற தகவல்கள் கம்பெனி மென்பொருளுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. அதனால்தான் மாசசூசெட்ஸ் மக்கள் 2012-இல் ரிப்பேர் உரிமைக்காக வாக்களித்தார்கள். ஆதரவு 86 சதவீதம். கார்கள் வயர்லெஸ்ஸில் தகவல் அனுப்பத் தொடங்கியதும் 2020-இல் இன்னொரு முறை வாக்களிக்க வேண்டிவந்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் ரிப்பேர் உரிமைக்காக அமைத்த குழுவின் பட்டியலிலும் கார்கள் இருக்கின்றன.

இதெல்லாம் சட்டப் பேச்சு, நமக்கென்ன என்று தோன்றலாம். பிரேக் பேட் மாற்றுவதையே பாருங்கள். முன்பு ஒரு சி-கிளாம்ப்பை வைத்து பிஸ்டனை உள்ளே அழுத்தினால் முடிந்தது. இப்போது எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள கார்களின் பின்சக்கரத்தில் அப்படி அழுத்தினால் மோட்டார் பழுதாகும். முதலில் ‘பின்வாங்கு’ என்று மோட்டாருக்குக் கட்டளை போக வேண்டும். இதுவரை இயற்பியல். அந்தக் கட்டளையை யார் கொடுக்கலாம் என்பதில்தான் அரசியல் நுழைகிறது. பல கார்களில் அதற்கு ஸ்கேனர் வேண்டும். சிலவற்றில் பெடலையும் ஹேண்ட்பிரேக் பட்டனையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினாலே மோட்டார் பின்வாங்கிவிடும், ஒரு கருவியும் வேண்டாம். மோட்டார் இரண்டிலும் ஒரே மாதிரிதான். ஓனரின் கைக்கு ஒரு வழி விட்டுவைக்கலாம் என்று யாரோ ஒரு வடிவமைப்பாளர் நினைத்திருக்கிறார்.