முல்லை எது? மல்லிகை எது?



சில ஆண்டுகளுக்கு முன் உயர்வகுப்பில் குறிஞ்சிப்பாட்டைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கபிலர் அப்பாட்டில் 99 பூக்களை நிரல்பட அடுக்குகின்றார். "தளவம் ஒருவகைப் பூ, மௌவல் ஒருவகைப் பூ" என்று நான் விரைந்து சொல்லிச் செல்ல, மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, முல்லையையாவது காட்டுவீர்களா?" என்றாள். மறுநாள் அவளே இரு வெண்பூக்களைக் கொணர்ந்து மேசையில் வைத்தாள். அவற்றுள் எது முல்லை என்று எனக்குத் திடமாகச் சொல்ல இயலவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவன் நாணி நின்றேன்.

கபிலர் நிரலில் முல்லையினத்தவை என உரையாசிரியர்களும் அகராதிகளும் கொள்ளும் பெயர்கள் பல உள. முல்லை, தளவம், மௌவல், கொகுடி, செம்மல், பித்திகம் என்பன அவற்றுட் சில. ஆயின் மல்லிகை என்ற சொல்லை அங்குக் காணோம். அது வடமொழிவழி வந்த பெயர். அதனால் அப்பூவே அக்காலத்தில் இல்லை என்று முடிவு செய்தல் அவசரமாகும். நள்ளிருணாறி என்றொரு பூ அந்நிரலில் வருகின்றது. நள்ளிருளில் மணப்பது என்பது பொருள். நச்சினார்க்கினியர் அதனை இருவாட்சி என்றார். இருவாட்சியோ இன்று மல்லிகையின் ஒரு வகையாகவே வளர்க்கப்படுகின்றது. உரையை நம்பினால், பூ இருந்தது, பெயர்தான் வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. செம்மலுக்குச் சாதிப்பூ என்றும் பித்திகத்துக்குப் பிச்சிப்பூ என்றும் உரை கூறும். இன்றைய பூக்கடையில் சாதிமல்லியும் பிச்சியும் ஒரே கொடியின் பூவுக்கு வழங்கும் இரு பெயர்கள். கபிலர் ஒன்றையே இருமுறை சொன்னார் என்பதைவிட, இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஒரு கொடியின் பெயர் மற்றொன்றுக்கு மாறியது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப்படுகின்றது. பிச்சி என்னும் சொல்லின் உறவைச் சிங்களத்தில் வழங்கும் 'பிச்ச' என்ற பெயரிலும் காணலாம்.

பெயரில் மயங்கியவர் நாம் மட்டுமல்லர். சுவீடன் தேயத்து லின்னேயசு, ஒல்லாந்தர் காலத்தில் இலங்கையில் மருத்துவராயிருந்த பவுல் எர்மன் சேர்த்த உலர்செடிகளைக் கொண்டு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். அத்தகைய அறிஞரே 1753இல் மல்லிகையையும் பவழமல்லிகையையும் ஒரே பேரினத்துள் அடக்கிவிட்டார். 1789இல்தான் வில்லியம் ஐற்றனின் நூல் மல்லிகையை முல்லையோடு சேர்த்தது. பவழமல்லிகையின் இலையைத் தடவிப் பார்த்தவர்க்கு அதன் சொரசொரப்பே வேற்றுமையை உணர்த்தும். அதன் காய் தட்டையானது. முல்லையினத்தின் காயோ உருண்டு சதைப்பற்றுள்ளது.

பூவைப் பார்த்தே நான் ஏமாந்தேன். இலையைப் பார்த்திருக்க வேண்டும். மல்லிகைக்கு அகன்ற தனியிலை. அதன் பூவின் புல்லிதழ்கள் நூல்போல் நீண்டிருக்கும். முல்லையின் இலைக்காம்பில், பெரிய இலைக்குக் கீழே, காதுபோல் இரு சிற்றிலைகள் ஒட்டியிருக்கும். 'காதுடையது' என்பதே அதன் இலத்தீன் பெயரின் பொருள். பிச்சியின் இலை பல சிற்றிலைகளாகப் பிரிந்தது. அதன் அரும்பின் புறத்தே இளஞ்சிவப்பு ஓடும்.

வளர்ப்பதிலும் இவை ஒரே நாளுக்கு இணங்குவன அல்ல. மூன்றும் புதுத்தளிரிலேயே பூப்பதால் ஆண்டுக்கொருமுறை கவ்வாத்துச் செய்தல் வேண்டும். தமிழ்நாட்டுத் தோட்டக்காரர் மல்லிகையைக் கார்த்திகையிலும், பிச்சியை மார்கழியிலும், முல்லையைத் தையிலும் வெட்டுவர். நம் நாட்டில் மழையின் போக்கறிந்து நாளை மாற்றிக்கொள்ளலாம். தோட்டத்து மல்லிகை விதை தருவது அரிது. தடி நட்டோ, தாழ்ந்த கொடியை மண்ணில் பதிவைத்தோ பெருக்குதலே வழக்கம். ஆகவே நம் முற்றத்து மல்லிகை, கை மாறிக் கை மாறி வந்த பழைய கொடியொன்றின் துண்டமேயாகும். வேரில் நீர் தேங்கினால் எல்லாம் அழுகும்.

அம்மாணவியும் அவள் தோழியரும் பாடசாலை வேலியோரம் இம்மூன்றையும் நட்டுப் பெயர்ப்பலகை வைத்தனர். நான்காவது பாத்தியில் 'மௌவல்' என்ற பலகை மட்டும் நிற்கின்றது. காட்டுமல்லிகை என்று சொல்லிப் பலர் கொடிகளைக் கொணர்ந்தனர். ஒவ்வொன்றையும் இலை பிரித்துப் பார்த்து, ஐயம் தீராமையால், இன்னும் எதனையும் அங்கு நடவில்லை.