இந்திய மாதர் சங்கம்

சென்னை அடையாறில் 1917 மே 8 அன்று தொடங்கப்பட்ட பெண்கள் அமைப்பு. முதல் தலைவர் அன்னி பெசன்ட். அமைப்பதில் முன்னின்றவர்கள் மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா. அதே ஆண்டு டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையிலான குழு, இந்தியாவுக்கான அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்துப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டது. 1921இல் சென்னை மாகாணம் சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு அதை அளித்தது.

வாக்குரிமையைக் கேட்ட சங்கமே எழுத்தறிவும் புகட்டியது. கிளைகளில் குடும்பப் பெண்கள் வீட்டு வேலை ஓய்ந்த நேரத்தில் கூடித் தாய்மொழியில் எழுதப் படிக்கவும், தையலும் முதலுதவியும் கற்றனர். சங்கத்தின் ‘ஸ்திரீ தர்மா’ ஆங்கில இதழ்தான். ஆயினும் தமிழ், தெலுங்குப் பக்கங்களும் அதில் இடம்பெற்றன.

சங்கத்தின் முயற்சியால் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தச் சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். அடைக்கலம் தேடிவந்த தேவதாசிக் குடும்பச் சிறுமியருக்காக 1930களின் தொடக்கத்தில் அவர் நிறுவிய ஔவை இல்லம் இன்றும் கல்வி வழங்குகிறது. தேவதாசி முறையை ஒழிக்க அவர் போராடிய காலத்திலேயே, தேவதாசிகள் ஆடிவந்த சதிராட்டத்தைக் காக்க வேண்டும் என்ற குரலும் வலுத்தது. அந்த நடனத்தைக் கற்பிக்கும் கலாக்ஷேத்ராவை அடையாறிலேயே 1936இல் ருக்மிணி தேவி தொடங்கினார். கலை பிழைத்தது, தலைமுறைகளாக அதைச் சுமந்த பெண்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை.