விளக்கெண்ணெய் முதல் அழுத்தமானி வரை

நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, பாறசாலை வழியாகக் களியக்காவிளைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இரு மொழிகள் ஒன்றோடொன்று கலந்தே ஒலிக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தபின்னும் சொற்கள் இடம்பெயரவில்லை. தமிழர் ‘ஆமணக்கு’ என்பதை மலையாளிகள் ‘ஆவணக்கு’ என்பர். இடையில் வரும் மகரம் வகரமாகியிருக்கிறது, அவ்வளவே. எள்ளின் நெய் ‘எண்ணெய்’ ஆனது; காலப்போக்கில் அச்சொல் எல்லா நெய்களுக்கும் பொதுப்பெயராயிற்று. ஆமணக்கின் நெய் தமிழில் விளக்கெண்ணெய். விளக்கெரிக்கவும், வயிற்றைச் சுத்தம் செய்யவும் பயன்பட்ட இவ்வெண்ணெய்க்கு வானூர்தியின் தொடக்க வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு.

1908 வாக்கில் பிரான்சின் செகான் சகோதரர்கள் ‘நோம் ஒமேகா’ என்னும் எஞ்சினை உருவாக்கினர். ஏழு சிலிண்டர், 50 குதிரைத்திறன். இதில் கிராங்க் தண்டு அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் அனைத்தும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழன்றன. பெட்ரோல் ஆவியும் காற்றும் கிராங்க் பெட்டியின் வழியாகவே சிலிண்டருக்குச் சென்றதால், அங்கிருந்த கனிம எண்ணெயைப் பெட்ரோல் கரைத்துவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் எளிதில் கரையாது. உலோகத்தின் மேல் உறுதியாகப் படியும். ஆகவே அது தேர்வாயிற்று. ஒருமுறை உள்ளே சென்ற எண்ணெய் திரும்பி வருவதில்லை. புகையோடு வெளியேறி விமானியின் முகத்தில் தெறித்தது. 1909-இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நிறுவனம் வெளியிட்ட ‘காஸ்ட்ரால்’ என்ற எண்ணெயின் பெயரிலேயே ஆமணக்கின் ஆங்கிலப் பெயர் ஒளிந்திருக்கிறது.

இவ்வகைச் சுழல் எஞ்சின்களின் எண்ணெய் ஓட்டத்தை விமானி அறிந்த முறை கவனிக்கத்தக்கது. முதல் உலகப் போர்க்காலத்துச் சாப்வித் கேமல் போன்ற போர் விமானங்களில் விமானியின் முன்னே ஒரு சிறு கண்ணாடிக் குமிழ் இருந்தது. எண்ணெய்ப் பம்பின் ஒவ்வோர் அடிக்கும் குமிழுக்குள் எண்ணெய் துள்ளி எழும். துடிப்பை எண்ணி எஞ்சினின் வேகத்தையும் கணக்கிட்டனர். துடிப்பு நின்றால் எண்ணெய் நின்றது என்பது பொருள். அங்கே கண்டது எண்ணெயையேதான். அதன் அறிகுறியை அன்று.

சுழல் எஞ்சின்களின் காலம் போரோடு ஏறக்குறைய முடிந்தது. 1935-இல் டாட்டா நிறுவனம் பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே வான்சேவையைத் தொடங்கியபோது, நெய்யாற்றின்கரைக்கு அண்மையிலுள்ள தலைநகரில் வந்திறங்கிய ‘ஃபாக்ஸ் மாத்’ விமானத்தில் இருந்தது வேறொரு தலைமுறை எஞ்சின். நான்கு சிலிண்டர்களும் தலைகீழாகத் தொங்கும் ஜிப்சி வகை அது. எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து பம்பின் வழியாகப் பேரிங்குகளுக்குச் சென்று, மீண்டும் தொட்டிக்கே திரும்பியது. கண்ணாடிக் குமிழ் இருந்த இடத்தில் ஊசி அசையும் அழுத்தமானி வந்தது. கண்ணால் கண்ட எண்ணெய் எண்ணாக மாறியது.

அந்த எண் எதைச் சொல்கிறது என்பதில்தான் பலரும் தடுமாறுகின்றனர். பம்பு உண்டாக்குவது ஓட்டத்தை. அவ்வோட்டம் பேரிங்குகளின் நுண்ணிய இடைவெளிகளில் நுழையும்போது எதிர்கொள்ளும் தடையே அழுத்தமாகத் தெரிகிறது. ஆகவே அழுத்தமானி எண்ணெயின் அளவையும் காட்டாது, ஓட்டத்தையும் காட்டாது, தடையைக் காட்டும். எண்ணெய் சூடேறி நீர்த்தால் தடை குறையும், ஊசி இறங்கும். பேரிங் தேய்ந்து இடைவெளி அகன்றாலும் இறங்கும். குளிர்ந்து தடித்த எண்ணெயில் ஊசி உயரும். ஆயினும் பேரிங்கில் போதிய எண்ணெய் சேராதிருக்கலாம். உயர்ந்த எண் என்றும் நல்ல செய்தியன்று.

வீட்டில் கட்டப்படும் சிற்றூர்திகளில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. கட்டியவரே பெரும்பாலும் பழுது பார்ப்பவர், பறப்பவரும் அவரே. இந்த ஆர்வம் நம் மண்ணுக்குப் புதிதன்று. சென்னையில் ஓட்டல் நடத்திய டி’ஏஞ்சலிஸ், தாம் வடிவமைத்த விமானத்தைச் சிம்சன் நிறுவனத்தில் கட்டுவித்துச் சிறியதோர் எஞ்சினைப் பொருத்தி, 1910-இல் பல்லாவரத்தில் பறந்தார். அண்மைக் காலத்தில் ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமராட்சன் இங்கிலாந்தில் நான்கு இருக்கைகள் கொண்ட ‘ஸ்லிங்’ விமானத்தைத் தம் கையால் கட்டிக் குடும்பத்தோடு பறந்த செய்தி 2022-இல் பரவலாக வெளிவந்தது. இத்தகைய சிற்றூர்திகளில் இன்று பெரிதும் காணப்படுவது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் எஞ்சின். அதன் 912 வகையில் எண்ணெய் அழுத்தம் 3500 சுற்றுக்கு மேல் 2 முதல் 5 பார் வரை இருத்தல் வேண்டும். அதற்குக் கீழே 0.8 பாருக்குக் குறையலாகாது. குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது 7 பார் வரை ஏறலாம்.

ஊசி இந்த எல்லைகளை விட்டு விலகினால் என் செய்வது? பறக்கும்போது அழுத்தம் வீழ, எண்ணெயின் வெப்பம் உயர்ந்தால் அது உண்மையான ஆபத்து. எஞ்சின் இறுகி நிற்கச் சில நிமிடங்கள்கூட ஆகாமற்போகலாம். வெப்பம் மாறாதிருக்க அழுத்தம் மட்டும் வீழ்ந்தால் சென்சாரிலோ கம்பியிலோ குறை இருக்கக்கூடும். எனினும் அருகிலுள்ள ஓடுதளத்தில் இறங்கிய பின்னரே அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

தரையில் செய்யும் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எண்ணெயின் அளவு. ரோட்டாக்ஸில் கிராங்க் பெட்டியில் தங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும்வரை, பற்றவைப்பை நிறுத்திவிட்டுப் புரொப்பெல்லரைக் கையால் சுற்ற வேண்டும். தொட்டியில் ‘களகள’ ஒலி கேட்ட பின்பே அளவுக்குச்சி மெய் சொல்லும். அடுத்து, சென்சாரின் இடத்தில் நேரடி அழுத்தமானி ஒன்றைப் பொருத்தி இரு எண்களையும் ஒப்பிட வேண்டும். அதன்பின் பம்புக்கு முந்திய குழாய் இணைப்புகள். அங்கே காற்று புகுந்தால் அழுத்தம் நிலைகொள்ளாது. பிறகு ரிலீஃப் வால்வு. அதன் இருக்கையில் ஒரு துகள் சிக்கினாலும் எண்ணெய் குறுக்கு வழியில் திரும்பிவிடும். இறுதியில் ஃபில்ட்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்க்க வேண்டும். அங்கே உலோகத் துகள் மின்னினால் பேரிங் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம்.

இவ்வரிசையை உற்று நோக்கினால் ஒன்று புலப்படும். கண்ணாடிக் குமிழிலிருந்து அழுத்தமானிக்கும், அங்கிருந்து மின் சென்சாருக்கும் நகர்ந்தது வரலாறு. ஒவ்வொரு நகர்விலும் வசதி கூடியது. பிழை புகும் வாசலும் ஒன்று கூடியது. பழுது காண்பவர் அதே வழியில் பின்னோக்கி நடக்கிறார்: எண்ணிலிருந்து கருவிக்கு, கருவியிலிருந்து எண்ணெய்க்கு. விரலிடையே தேய்த்துப் பார்க்கும் எண்ணெயில்தான் அவருடைய தேடல் முடிகிறது.

அகல்விளக்கில் எண்ணெய் குறைந்தால் சுடரே சொல்லிவிடும். எஞ்சின் அவ்வாறு சொல்வதில்லை. அதற்காக ஊசி பேசுகிறது. ஊசியின் சொல்லுக்கு உடனே செவிகொடுத்தலும், அச்சொல்லை எண்ணெயிடம் கேட்டுச் சரிபார்த்தலும் ஆகிய இரண்டும் தெரிந்தவரே வானில் பத்திரமாக இருக்கிறார்.