புடவை கொடுத்தவனும் பிள்ளைக்கு உரியவனும்: பத்மநாபபுரம் வட்டாரத் திருமணமுறையின் வரலாறு

திருவிதாங்கூரை ஆண்ட மன்னர்களில் ஒருவர்கூடத் தம் மகனுக்கு முடிசூட்டியதில்லை. மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்த 1729 முதல், சமஸ்தானம் கொச்சியோடு இணைந்த 1949 வரை இதுவே நிலை. மன்னருக்குப் பின் அவர் தம்பி. தம்பி இல்லையென்றால் சகோதரியின் மகன். வேளிமலை அடிவாரத்துப் பத்மநாபபுரம் கோட்டைக்குள் தாய்க்கொட்டாரத்தையும் உப்பரிகை மாளிகையையும் பார்த்து வெளியே வருகிறவர்கள் மூலிகைக் கட்டிலைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போகிறார்கள். அந்த அரண்மனையில் மன்னரின் மனைவிக்கு என்ன இடம் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்த வட்டாரத்தின் திருமண வரலாற்றை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே சரி.

மன்னருக்கு மனைவி உண்டு, மக்கள் உண்டு. ஆனால் மனைவி ராணி ஆகமாட்டார். ராணிப் பட்டம் மன்னரின் தாய்க்கும் சகோதரிக்கும் சகோதரியின் மகளுக்கும் உரியது. ஆற்றிங்கல் அவர்களுடைய தாயகம். மன்னர் 'பட்டும் பரிவட்டமும்' என்ற சடங்கில் புடவை கொடுத்து ஏற்றுக்கொண்ட பெண்ணுக்கு 'அம்மச்சி' என்று பெயர். மகனுக்குத் 'தம்பி', மகளுக்குத் 'தங்கச்சி' என்பவை பட்டங்களே ஒழிய அரச பதவிகள் அல்ல. அம்மச்சிக்கு அரசவையில் இடமில்லை என்பதையும், மன்னரோடு பொதுவில் அவர் தோன்றமுடியாது என்பதையும் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1883-இல் வெளியிட்ட தம் நூலில் வியப்போடு எழுதியிருக்கிறார். கார்த்திகைத் திருநாள் ராமவர்மா தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றியபோது அம்மச்சிமாரின் குடும்பங்களுக்கு அங்கே 'அம்மவீடுகள்' எழுந்தன. பழைய நான்கு அம்மவீடுகளின் பெயர்கள்: அருமனை, வடசேரி, நாகர்கோவில், திருவட்டாறு. நான்கு ஊர்களும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கின்றன. அரசு வடக்கே போனபோதும் பெண் கொடுத்தது தெற்குத்தான்.

முறை உறுதியாக இருந்தது என்பதற்காக அதை எல்லாரும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார்கள் என்று கொள்ளவேண்டியதில்லை. மார்த்தாண்டவர்மாவுக்கு முன் ஆண்ட ராமவர்மா 1729-இல் இறந்ததும் அவருடைய மக்கள் பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் அவர் சகோதரியின் மகன் மார்த்தாண்டவர்மாவுக்கு எதிராக நின்றார்கள், பின்னர் கொல்லப்பட்டார்கள். மகனுக்கே அரசு என்ற மக்கள்வழி உரிமை கேட்டார்கள் என்பது ஒரு விளக்கம். தம்பிமாரின் சகோதரியை மணக்க மார்த்தாண்டவர்மா விரும்பினார், பிறக்கும் மகனுக்கே அரசு வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை, பகை அங்கே மூண்டது என்பது மற்றொரு மரபு. தமிழில் வழங்கும் தம்பிமார் கதைப்பாடல் இறந்தவர்கள் பக்கம் நிற்கிறது. 1891-இல் வெளிவந்த சி.வி. ராமன் பிள்ளையின் மலையாள நாவல் 'மார்த்தாண்டவர்மா' மன்னர் பக்கம். எது உண்மை என்று தீர்ப்பு எழுதுவது என் நோக்கமில்லை. திருமண நிபந்தனை ஒன்று அரசுரிமைப் போருக்குக் காரணமானதாக மக்கள் நம்பினார்கள் என்பதே இந்த ஆய்வுக்குப் போதும்.

அரண்மனையை விட்டு ஊருக்கு வருவோம். பத்மநாபபுரம் இருப்பது கல்குளம் வட்டத்தில். தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்களே நாஞ்சில் நாடு என்று கறாராகச் சொல்பவர்கள் இதை நாஞ்சில் நாட்டோடு சேர்க்கமாட்டார்கள். எனக்கு அந்த எல்லைச் சண்டையில் அக்கறை இல்லை. ஆனால் எல்லையில் இருப்பதால்தான் இவ்வூர் பயன்படுகிறது. மேற்கே நாயர் குடும்பங்களின் முறை, கிழக்கே நாஞ்சில் வெள்ளாளர் முறை. இரண்டும் மருமக்கள்வழி. சொத்து தாய்வழியாக இறங்கும். கூட்டுக்குடும்பமான தறவாட்டை மூத்த ஆணாகிய காரணவர் நிர்வகிப்பார். அவருக்கு அடுத்தவர் அனந்தரவர். இவ்வளவும் பொது. திருமணம் மட்டும் வேறு.

நாயர் வீடுகளில் இரண்டு சடங்குகள் இருந்தன. முதலாவது தாலிகெட்டுக் கல்யாணம். பெண் பூப்படையும் முன்பே நடக்கும். ஒரே பந்தலில் பல சிறுமிகளுக்குச் சேர்த்தும் நடப்பதுண்டு. தாலி கட்டியவன் கணவனாக வாழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செலவும் ஆரவாரமும் இதற்குத்தான். இரண்டாவது சம்பந்தம். குத்துவிளக்கும் நிறைபறையும் வைத்து, உறவினர் முன்னிலையில் ஆண் ஒரு புதுப்புடவையைப் பெண்ணின் கையில் கொடுப்பான், அவ்வளவே சடங்கு. புடமுறி, புடவைகொடை, முண்டுகொடை என்று இடத்துக்கு ஒரு பெயர். பிரிய நினைத்தால் பிரிவதும் எளிது. பிள்ளைகள் தாயின் தறவாட்டுக்கு உரியவர்கள். தகப்பன் தன் சகோதரியின் பிள்ளைகளுக்கு அம்மாவன். ஆங்கிலேய நீதிமன்றங்கள் இதைச் சட்டப்படியான திருமணமாக ஏற்கத் தயங்கின. 'திருமணம் இல்லாத சமூகம்' என்று வெளியூர்க்காரர்கள் எழுதியதெல்லாம் இங்கே வேர்கொண்டதுதான்.

நாஞ்சில் வெள்ளாளரோ தமிழ்நாட்டு வழக்கப்படி தாலி கட்டினார்கள். நிச்சயதாம்பூலம், முகூர்த்தம், மறுவீடு எல்லாம் உண்டு. வீட்டின் பின்புறம் ஆக்குப்புரை எழும். தவசிப்பிள்ளை வந்து அடுப்பு மூட்டுவார். முந்தின நாள் இரவு முழுக்கக் காய்வெட்டு. மறுநாள் இலையில் பருப்பும் நெய்யும், சாம்பார், அவியல், எரிசேரி, துவரன், புளிசேரி, ரசம், பிரதமன், மோர் என்று வரிசை. பிரதமனில் பப்படத்தை நொறுக்கிப் பழத்தோடு பிசைகிற வழக்கத்தை மதுரைக்காரர் வியந்து பார்ப்பார். தாலியும் தமிழும் கிழக்கிலிருந்து, எரிசேரியும் பிரதமனும் மேற்கிலிருந்து. அதே ஊர்களில் மக்கள்வழி வெள்ளாளரும் வாழ்ந்தார்கள். பந்தலில் வந்து உட்கார்ந்த வெளியூர் விருந்தாளிக்கு இது எந்த வழிக் கல்யாணம் என்று சொல்லத் தெரியாது. வேறுபாடு பந்தல் பிரித்த பிறகே தொடங்கும்.

தாலி கட்டிய பெண் கணவன் வீட்டுக்குப் போனாள். அங்கே சமைத்தாள், வயலில் நாற்று நட ஆளனுப்பினாள், பிள்ளை பெற்றாள். வீடோ கணவனின் தறவாட்டைச் சேர்ந்தது. கணவன் கண்மூடினால் வீடும் வயலும் அவன் சகோதரியின் மக்களுக்கு. மனைவி மக்களுக்கு உகந்துடைமை, நங்குடைமை என்ற பெயர்களில் சிறு பங்கோ சீவனாம்சமோ கிடைக்கும். அதையும் வழக்காடித்தான் வாங்கவேண்டியிருந்தது. பிறந்த வீட்டுக்குத் திரும்பினால் அங்கே அண்ணனோ அம்மாவனோ காரணவராக உட்கார்ந்திருப்பார்; அவர் மனைவி அடுக்களையில் இருப்பாள், அவளும் இதே கதியை எதிர்நோக்கி. நாயர் பெண் பெரும்பாலும் தாய்வீட்டுக் கூரையின் கீழேயே இருந்தாள். தெற்கே கணவன் வீடு சென்றவர்கள் உண்டு என்றாலும் திரும்புவதற்கான வாசல் அவளுக்கு அடைபடவில்லை. வாரிசு முறை தாய்வழி, வாழ்க்கை கணவன் வீட்டில் என்ற இந்த இணைப்பே நாஞ்சில் பெண்ணை இரண்டு பக்கமும் நெருக்கியது. மருமக்கள்வழி என்றாலே பெண்ணுரிமை என்று பேசுகிறவர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை கவனித்தார். அவருடைய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' முதலில் இதழில் தொடராக வந்தது. கவிமணி பெயர் இல்லாமல் எழுதியது. காரணவர் ஒருவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்வதாக அமைந்த அந்த நூலைச் சிரிக்காமல் படிக்கமுடியாது. சிரிப்பின் நடுவே கோர்ட்டுச் செலவு, தூர்ந்துபோகும் குடும்பம், சக்களத்திச் சண்டை என்று ஒரு சமூக ஆவணமே இருக்கிறது. சட்டசபைப் பேச்சுகளைவிட இந்த நூல் அதிகம் செய்தது என்பது என் கருத்து. தம் சமூகத்தின் வழக்கைப் பெண்ணின் வாயால் பேசவைத்த துணிச்சலுக்கு ஈடாக அக்காலத் தமிழில் அதிகம் இல்லை.

சட்டம் மெல்ல நகர்ந்தது. பிரிட்டிஷ் மலபாரில் 1891-இல் திருமணக் கமிஷன் அமைந்து, 1896-இல் சம்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் வந்தது; பதிவு செய்ய வந்தவர்கள் மிகச் சிலரே. திருவிதாங்கூர் 1908-இல் மருமக்கத்தாயக் குழுவின் அறிக்கையைப் பெற்றது. கொல்லம் 1088-ஆம் ஆண்டின் நாயர் ரெகுலேஷன், அதாவது 1912-இன் சட்டம், புடவை கொடுத்து நடக்கும் சம்பந்தத்தை முறையான திருமணமாக ஏற்று, ஆண் தானே ஈட்டிய சொத்தில் பாதியை மனைவி மக்களுக்குத் தந்தது, மறுபாதி மருமக்களுக்கு. 1914-இல் தொடங்கிய நாயர் சர்வீஸ் சொசைட்டி தாலிகெட்டுக் கல்யாணத்தின் வீண்செலவை எதிர்த்துப் பிரசாரம் செய்தது. 1925-இன் நாயர் சட்டம் தறவாட்டை ஆளுக்கொரு பங்காகப் பிரிக்க அனுமதித்தது, பலதாரமணத்தையும் தடுத்தது. கொல்லம் 1101-இல், 1926-ஐ ஒட்டி, நாஞ்சில்நாடு வெள்ளாளர் சட்டம் வந்தது. பாகம் வைக்க வழி திறந்தது; தகப்பன் சொத்தில் மக்களின் உரிமைக்குச் சட்ட அடிப்படை கிடைத்தது. கல்குளம், இரணியல் பக்கத்துக் கிருஷ்ணன்வகை என்ற சமூகத்தாருக்குத் தனிச் சட்டம் பின்னர் வந்தது.

1925, 1926 சட்டங்கள் வந்தபோது ஆட்சியில் இருந்தவர் ரீஜென்ட் மகாராணி சேது லட்சுமி பாயி. மருமக்கள்வழி மரபால் ராணியானவர் அவர். குடிமக்களுக்கு அந்த வழியை அடைக்கும் சட்டங்கள் அவர் ஆட்சியில் நிறைவேறின. அரண்மனைக்குள் மட்டும் பழைய முறை தொடர்ந்தது.

இப்படி நிகழ்ந்த மாற்றத்தைப் பெண் விடுதலை என்று மட்டும் சொல்லிவிடலாமா? சுமத்திராவின் மினாங்கபாவு மக்களிடமும் தாய்மாமன், மருமகன் உறவே குடும்பத்தின் முதுகெலும்பு. அங்கே நிலமும் வீடும் பெண்கள் வழியாகவே நிற்கின்றன. மட்டக்களப்பில் தாய்வழிக் 'குடி' மரபும் பெண்ணுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே குடிவைக்கும் வழக்கமும் உண்டு. அவ்விரு இடங்களிலும் பெண் இருக்கும் கூரை அவளுடையது. நாஞ்சில் நாட்டில் அது என்றுமே அவளுடையதாக இருக்கவில்லை. ஆகவே இங்கே மாற்றம் தேவைப்பட்டது. மாற்றத்தின் விலையும் சிறிதன்று. தறவாட்டில் பிறப்பாலே பங்குடையவளாக இருந்த பெண், மகன் வாரிசான குடும்பத்தில் பவுன் கணக்குப் பேசி அனுப்பப்படும் மகளானாள். இந்த மாவட்டத்துக் கல்யாணப் பேச்சில் பவுன் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு தவறான முடிவையும் இங்கே தள்ளிவைக்கவேண்டும். கல்யாணப் பந்தலில் தாய்மாமனுக்குக் கிடைக்கும் மரியாதையை மருமக்கள்வழியின் எச்சம் என்று பலர் எழுதுகிறார்கள். மதுரையிலும் தஞ்சாவூரிலும் தாய்மாமன் சீர் இல்லாமல் கல்யாணம் நடக்காது. அங்கெல்லாம் என்றும் மக்கள்வழியே. நாலாம் நீர், மறுவீடு போன்ற சடங்குகளும் தமிழ் மாவட்டங்களுக்குப் பொதுவானவை. உண்மையான எச்சத்தைச் சடங்கில் தேடினால் கிடைக்காது. பத்திரங்களில் தேடவேண்டும். பழைய வீடுகளின் பெட்டிகளில் கொல்லம் ஆண்டு போட்ட பாகப்பத்திரங்களும் வழக்குத் தீர்ப்புகளும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படியெடுக்கும் வேலையை நாட்டார் வழக்காற்றியல் மாணவர்கள் தாமதிக்காமல் கையில் எடுக்கவேண்டும். திருமணப் பாடல் சேகரிக்கப் போகிற வீட்டிலேயே இதையும் கேட்கலாம்.

1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம் வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கேரளம் கூட்டுக்குடும்பத்தை ஒழித்து 1976-இல் நடைமுறைப்படுத்திய சட்டம் அதனால் இங்கே பொருந்தவில்லை. தமிழ்நாட்டில் 1989-இல் மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு வந்தது. இரண்டு தலைமுறைக்கு முன் இவ்வூர்ப் பெண்கள் வேறு வழியில் வைத்திருந்த உரிமை அது. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் நாஞ்சில்நாடு வெள்ளாளர் சட்டத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதன் 17-ஆம் பிரிவு இன்றும் நடப்பில் உள்ளது. மற்ற இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் மகன், மகளோடு கணவனுக்கும் முதல் வரிசையில் பங்கு. மருமக்கள்வழியில் வந்த பெண் அப்படி இறந்தால் முதல் வரிசையில் வருபவர்கள் மகன், மகள், அவளுடைய தாய். கணவன் இரண்டாம் வரிசையில், அவள் தகப்பனாரோடு.